பணி வேனுக்கு ஏசி: ஜெனரேட்டருக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் வேனையே பணியிடமாகக் கொண்ட தொழில்கள் பெருகிவருகின்றன. கடற்கரை ஊர்களுக்குக் கண் பரிசோதனைக் கருவிகளை ஏற்றிச் செல்லும் வேன், ரத்த மாதிரி எடுக்கும் ஆய்வக வேன், வீட்டு வாசலுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் வேன், இணையக் கேபிள் அறுந்த இடத்தில் நின்று கண்ணாடியிழையை ஒட்டும் வேன் என்று வகைகள் பல. இழை ஒட்டுவதற்குத் தூசியும் காற்றும் ஆகாது. ரத்த மாதிரிக்கு வெப்பம் ஆகாது. நாயின் முடி வெளியே பறந்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருக்க மாட்டார்கள். ஆகவே எல்லாருமே கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

கதவைச் சாத்தினால் ஏசி வேண்டும். இங்கே வெயில் மதுரையைப் போல 40 டிகிரியைத் தொடுவது அரிது என்பது உண்மைதான். ஆனால் கடலோரக் காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் சூடு தணியாது. நிழலில் 33 டிகிரி உள்ள நாளில்கூட, வெயிலில் நிற்கும் மூடிய தகட்டு வேனுக்குள் 45 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்குள் உட்கார்ந்து ஒரு செவிலியர் நாள் முழுக்கக் கையில் ஊசியோடு வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசே விதி செய்துவிட்டது. வேனுக்குள் வேலை பார்ப்பவரும் அதே மனிதர்தான்.

இத்தகைய வேனை அமைக்க நினைப்பவர்கள் பட்டறைக்குப் போனதும் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை கேவிஏ (ஜெனரேட்டர் திறனின் அளவு) ஜெனரேட்டர் வாங்கலாம், அதை வண்டியில் எங்கே பொருத்தலாம்? இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டிக்குள் எவ்வளவு வெப்பம் நுழைகிறது? அதற்கு விடை கண்டால் ஜெனரேட்டரின் அளவு தானாகவே சுருங்கும். எங்கே வைப்பது என்ற சிக்கலும் பாதி தீர்ந்துவிடும். ஏன் அப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

வண்டியின் சொந்த எஞ்சினை ஓடவிட்டு அதன் ஏசியையே பயன்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்கலாம். 1,200 சிசி அளவுள்ள பெட்ரோல் எஞ்சின், நின்ற இடத்தில் ஏசியோடு ஓடினால் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். வண்டி ஓடும்போது ரேடியேட்டரில் மோதும் எதிர்காற்று அப்போது இருக்காது என்பதால் எஞ்சின் சூடேறும், ஏசியும் மந்தமாகும். கருவிகளுக்கு 230 வோல்ட் மின்சாரமும் கிடைக்காது. பத்து நிமிடக் காத்திருப்புக்குச் சரி. ஆறு மணி நேர முகாமுக்கு ஒத்துவராது.

இனி வெப்பக் கணக்கு. நம் ஊரில் பரவலாக ஓடும் சிறிய வேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை ஏறக்குறைய 4 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வீதம், 4,000 வாட் வெப்பம் அந்தக் கூரைமீது விழுகிறது. அடர் நிறம் பூசிய தகடு அதில் பெரும்பகுதியை உறிஞ்சி 65 டிகிரி வரை காய்ந்துவிடும். உள்ளே 26 டிகிரி வைத்திருக்க வேண்டுமென்றால், தடுப்பு எதுவும் இல்லாத அந்தத் தகடு வழியாக மட்டும் ஏறக்குறைய 1,000 வாட் உள்ளே இறங்கும். அதே கூரைக்கு வெள்ளை பூசினால் தகடு 45 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். உள்ளே இறங்குவது 500 வாட்டாகக் குறையும். வெள்ளைக் கூரைக்கு அடியில் 25 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டி, அதை மூடிப் பிளைவுட் அடித்தால் 100 வாட்டுக்கும் கீழே போய்விடும். பத்தில் ஒரு பங்கு! எந்த ஜெனரேட்டரும் இந்த ஆதாயத்தைத் தராது.

பக்கத் தகடுகளும் கண்ணாடிகளும் அடுத்த வாசல்கள். தடுப்பில்லாத பக்கங்களும் திரையில்லாத சன்னல்களும் சேர்ந்து இன்னும் ஆயிரம் வாட்டுக்கு மேல் உள்ளே விடும். சன்னல்களைத் தகடால் அடைத்து ஃபோம் ஒட்டி, முன்கண்ணாடிக்கும் பணியறைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் 250 வாட்டுக்குள் அடங்கும். சன்னல்களை அடைக்கும் முன் பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பின்னால் பேசுவோம். சன்னல்களை அடைக்க வழியில்லாவிட்டால், வெயில் படும் பக்கத்தில் வெளியே ஒரு தார்ப்பாய் கட்டலாம். உள்ளே கட்டும் திரையைவிட வெளியே கட்டும் தார்ப்பாய் மேலானது. வெயில் கண்ணாடிக்குள் புகுந்த பிறகு தடுத்தால், அந்தச் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டிருக்கும்.

குறைக்க முடியாத வெப்பமும் உண்டு. மூன்று பேர் உள்ளே இருந்தால் மூச்சு ஈரத்தையும் சேர்த்துச் சுமார் 350 வாட். கருவிகளும் விளக்கும் 200 வாட். இன்னொன்றைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை: உள்ளிருப்பவர்கள் மூச்சுவிட வெளிக்காற்று வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. அந்த ஈரத்தை வடித்து எடுக்கவே ஏசி கணிசமான உழைப்பைச் செலவிட வேண்டியிருக்கிறது. மூன்று பேருக்குப் போதுமான அளவு வெளிக்காற்றை உள்ளே விட்டால் அதற்கு மட்டும் 400 வாட் போகும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அடர் நிறக் கூரை, ஃபோம் இல்லாத தகடு, திரையில்லாத சன்னல் என்றால் 3,000 வாட்டைத் தாண்டுகிறது. ஒரு டன் என்பது ஏறக்குறைய 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆகவே ஒரு டன் ஏசி வேண்டும். வெள்ளைக் கூரையும் முழுத் தடுப்பும் உள்ள அதே வேனுக்கு 1,300 வாட் போதும். அரை டன் ஏசியே தாராளம். மின்சாரக் கணக்கில் முன்னதற்குச் சுமார் 1,000 வாட், பின்னதற்கு 450 வாட். ஃபோம் ஷீட்டும் வெள்ளைப் பெயின்டும் ஒருமுறைச் செலவு. பெட்ரோல் தினச் செலவு.

ஏசி எடுக்கும் வாட்டை மட்டும் பார்த்து ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் இன்னோர் இடத்தில் சிக்குகிறார்கள். பழைய வகை ஏசியின் கம்ப்ரஸர், ஸ்விட்ச் போட்ட அந்த ஒரு நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். ஐந்து ஆம்பியரில் ஓடும் ஒரு டன் ஏசி, புறப்படும்போது 25 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 2 கேவிஏ ஜெனரேட்டர் அந்த இடத்தில் மூச்சுத் திணறி நின்றுவிடும். அதனால்தான் ஒரு டன் ஏசிக்குக்கூட 5 கேவிஏ வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். பழைய வகை ஏசியைப் பொறுத்தவரை அவர் சொல்வது தவறில்லை. இன்வெர்ட்டர் வகை ஏசியில் கம்ப்ரஸர் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுக்கும். அந்த முதல் நொடி இழுப்பு இல்லை. அரை டன் முதல் முக்கால் டன் வரையிலான இன்வெர்ட்டர் ஏசிக்கு 2 கேவிஏ ஜெனரேட்டரே தாராளம்.

ஜெனரேட்டரிலும் இரண்டு வகை உண்டு. சாதாரண வகையில் 50 ஹெர்ட்ஸ் கிடைக்க எஞ்சின் எந்நேரமும் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடியாக வேண்டும்; உள்ளே ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் அதே வேகம், அதே இரைச்சல். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் எஞ்சின் வேகம் சுமைக்கேற்ப ஏறி இறங்கும். மின்சாரம் மின்னணுச் சுற்றின் வழியே சீராக வெளிவரும். கண் பரிசோதனைக் கருவி, இழை ஒட்டும் கருவி போன்றவற்றுக்கு இந்தச் சீரான மின்சாரம்தான் பாதுகாப்பு. விலை கூடுதல்தான். பள்ளி வளாகத்திலோ ஆலய முற்றத்திலோ நிற்கும் வேனுக்கு அந்தக் கூடுதல் விலை தகும் என்பது என் கருத்து.

அளவு முடிந்தது, இனி இடம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

ஜெனரேட்டர் ஓடும் வண்டி நமக்குப் புதிதல்ல. கோயில் கொடையிலும் ஆலயத் திருவிழாத் தேர்ப்பவனியிலும் விளக்கு வண்டிக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே வரும். அதைப் பார்த்துப் பழகிய கண், வேனின் பின்பக்கத்தில் ஒரு மூலையில் ஜெனரேட்டரை வைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறது. தேர்ப்பவனியில் புகை வானத்துக்குப் போகிறது. மூடிய வேனில் அது மனிதரின் நுரையீரலுக்குப் போகிறது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரா அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில், ஏசி போட்டுத் தூங்கிய இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் உமிழ்ந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, வண்டியின் தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று தொழில்நுட்ப ஆய்வில் தெரியவந்தது. ஒரே ஓர் ஓட்டை. ஏசி போட்டால் சன்னலைச் சாத்துவது குளிர் வெளியே போகாமலிருக்க.

ஒரு ஓட்டை எப்படி உயிரைக் குடிக்கும் என்பதைக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவீதம் இருக்கும். 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 சிசி எஞ்சின் 3,000 சுற்றில் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் புகையைத் தள்ளும். வேனின் உள்ளளவு 8 கன மீட்டர், அதாவது 8,000 லிட்டர். உள்ளே இந்த வாயு 800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 800 பங்கு) ஆனால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் நினைவு தப்பும். 8,000 லிட்டர் காற்றில் 800 பிபிஎம் என்பது ஆறரை லிட்டருக்கும் குறைவு. அது எஞ்சினின் இரண்டு நிமிடப் புகையில் இருக்கிறது. புகையில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே கசிந்தாலும், வெளிக்காற்று வராத வேனில் முக்கால் மணி நேரத்துக்குள் அந்த அளவு சேர்ந்துவிடும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதல் அறிகுறிகள் தலைவலி, களைப்பு, குமட்டல். வெயிலில் வண்டியோட்டி வந்தவருக்கு இவை வந்தால் வெயில் என்றுதான் நினைப்பார். ஏசியைக் கூட்டிவைத்துக் கொஞ்சம் படுத்துக்கொள்வார். அங்கேதான் ஆபத்து. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை; உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. குளிர் இதமாக இருப்பதால் காற்று நல்ல காற்று என்று உடல் நம்பிவிடுகிறது.

ஆகவே ஜெனரேட்டரை வேனின் உடலுக்குள், பணியறையோடு ஒரே காற்றைப் பகிரும் எந்த இடத்திலும் ஓட்டக் கூடாது. சீட்டுக்கு அடியிலும் கூடாது, கதவு திறந்த டிக்கியிலும் கூடாது. கதவைத் திறந்து வைத்தால் புகை வெளியே போகும் என்பது நம்பிக்கை மட்டுமே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் புகை போகும்.

சரி, வெளியே பொருத்தலாமா? கூரைமேல் ஏற்றினால் வண்டியின் உயரமும் தலைப்பாரமும் கூடும். நம் கிராமச் சாலைகளில் தாழ்ந்து தொங்கும் தென்னை ஓலையும் மின்கம்பியும் தட்டும். அடித்தட்டில் தொங்கவிட்டால் மழைக்காலத்தில் சாலைத் தண்ணீரில் முங்கும்; ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. பின்புறம் இரும்புச் சட்டம் அடித்து அதில் வைப்பதுதான் பலரும் விரும்பும் வழி. ஆனால் 50 கிலோ எடையைப் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்தால், 2.35 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள வேனில் பின்சக்கரத்தின்மேல் 71 கிலோ ஏறும்; முன்சக்கரத்திலிருந்து 21 கிலோ குறையும். ஸ்டீயரிங்கின் பிடிப்பு குறைவதை ஓட்டுநர் உணர்வார். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகைக்குழாய் பின்கதவின் ரப்பர் விளிம்புக்கு அருகிலேயே இருக்கும்.

அந்த இரும்புச் சட்டத்தில் வைத்து இரைச்சலுக்காகச் சுற்றிலும் தகட்டுப் பெட்டி அடிப்பது இன்னொரு சிக்கல். சிறிய பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட மின்சாரமாக மாற்றுவதில்லை. 1 கிலோவாட் மின்சாரம் எடுக்கும்போது 3 கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாக வெளியேறுகிறது. இரண்டு இண்டக்‌ஷன் அடுப்புகளை மூடிய பெட்டிக்குள் எரியவிட்டதைப் போன்றது அது. பெட்ரோல் டேங்கும் அதே பெட்டிக்குள்தான். பெட்டி வேண்டுமென்றால் குளிர்காற்று நுழைய ஒரு பக்கமும் சூடு வெளியேற எதிர்ப்பக்கமும் பெரிய திறப்புகள் வேண்டும். அந்தச் சூட்டுக்காற்று ஏசியின் வெளி யூனிட்டை நோக்கிப் போகவே கூடாது. போனால் ஏசி தன் சூட்டோடு ஜெனரேட்டரின் சூட்டையும் சேர்த்துச் சுமக்கும்.

நான் பரிந்துரைக்கும் வழி எளியது. ஜெனரேட்டர் வேனில் பயணம் செய்யட்டும்; வேனில் ஓட வேண்டாம். 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் 25 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பின்புறம் நழுவும் தட்டு ஒன்றில் பட்டையால் கட்டிக் கொண்டுபோய், முகாம் இடத்தில் இறக்கித் தரையில் வைத்து, வேனிலிருந்து 20 அடியாவது தள்ளி, காற்று வேனிலிருந்து ஜெனரேட்டரை நோக்கி வீசும் பக்கத்தில் ஓட்டலாம். புகைக்குழாயை வேனுக்கு எதிர்ப்புறம் திருப்பிவைக்க வேண்டும். நடுவே 2.5 சதுர மில்லிமீட்டர் ரப்பர் உறைக் கேபிள் போதும். தினமும் இறக்கி ஏற்றுவது சிரமம்தான். அந்தச் சிரமம் வேனுக்குள் இருப்பவர்களின் உயிரைக் காக்கிறது. தரை சமமாக இருக்கட்டும்: பல ஜெனரேட்டர்களில் எண்ணெய் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் உண்டு, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டச் சரிவுகளில் சாய்த்து வைத்தால், எண்ணெய் நிறைய இருந்தும் அது எஞ்சினை நிறுத்திவிடும்.

கடற்கரை ஊர்களில் காற்றின் போக்கு நாளுக்குள்ளேயே மாறும். குளச்சலிலோ முட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ விடியலில் வேனை நிறுத்தினால் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டரைக் கடல் பக்கம் வைப்பது சரியாகத் தோன்றும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று தொடங்கிவிடும். காலையில் புகையைக் கொண்டுபோன அதே காற்று, முற்பகலுக்குப் பிறகு புகையை நேரே வேனின் கதவுக்குக் கொண்டுவரும். கடற்காற்று தொடங்கும்போது ஜெனரேட்டரை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை முகாம் வேலைகளில் ஒன்றாகவே எழுதிவைக்கலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் ஒரே திசையில் பலமாக வீசும். அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

வேனுக்குள் வெளிக்காற்று எடுக்கும் மின்விசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் வெளியேற்றும் விசிறியைத்தான் வைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று ஒவ்வோர் ஓட்டையின் வழியாகவும் உள்ளே இழுக்கப்படும். ஒயர் போகும் ஓட்டை, துருவேறிய தரைத் தகடு, தேய்ந்த கதவு ரப்பர், எல்லாமே. புகை கலந்த காற்றும் அப்படியே வரும். மாறாக, ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கத்தில் உயரமான இடத்திலிருந்து சுத்தமான காற்றை உள்ளே தள்ளும் விசிறியை வைத்தால், ஓட்டைகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். சோதித்துப் பார்ப்பது எளிது. விசிறியை ஓடவிட்டுக் கதவைச் சாத்தி, கொளுத்திய ஊதுபத்தியைத் தரையோரத்து இடுக்குகளில் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். புகை இடுக்கை நோக்கி வளைந்து வெளியே நழுவினால் நல்லது. உங்கள் முகத்தை நோக்கி வந்தால், அந்த இடுக்கை சிலிக்கோன் கொண்டு அடைக்காமல் ஜெனரேட்டரைத் தொடவே தொடாதீர்கள். இதற்கும் மேல், பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மூச்சு விடும் உயரத்தில் மாட்ட வேண்டும். இந்த வாயு காற்றின் எடையோடு ஏறக்குறைய ஒத்தது. தரையில் தங்காது, கூரையிலும் சேராது, எங்கும் கலந்து நிற்கும்.

மின்பாதுகாப்பில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி) எதனோடும் இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். வேனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கசியும் மின்சாரம் திரும்பி வரப் பாதை இல்லாவிட்டால் அந்த ஆர்சிசிபி துண்டிக்கவே துண்டிக்காது. முதல் பழுது வெளியே தெரியாது. இரண்டாவது பழுதில் வண்டியின் உடலே மின்சாரம் பாயும் தகடாகிவிடும். தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால், ஆர்சிசிபிக்கு முன்னால் ஒரே ஒரு புள்ளியில் நியூட்ரலை ஜெனரேட்டரின் இரும்புச் சட்டத்தோடும் வேன் உடலோடும் இணைக்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துச் செய்துகொள்ளுங்கள். தண்ணீரும் ஈர நாயும் உள்ள வேனில் இதற்கு மாற்று கிடையாது.

வீட்டு ஸ்பிளிட் ஏசியை வேனில் மாட்டுகிறவர்கள் தாமிரக் குழாயின் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். சுவரில் அசையாமல் இருப்பதற்குச் செய்யப்பட்ட இணைப்பு, நம் சாலைக் குலுக்கலில் விரிசல் விடும். இப்போதைய பல ஏசிகளில் இருக்கும் ஆர்32 வாயு மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. குழாயை வளையமாகச் சுற்றி அதிர்வைத் தாங்கவிட்டு, மாதமொருமுறை சோப்புநுரை தடவிப் பார்ப்பது நல்லது.

இனி, சட்ட விதிகள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உடலோடு வெல்டிங் செய்த இரும்புச் சட்டமும் அடைத்த சன்னலும் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடும். இறக்கி ஏற்றும் ஜெனரேட்டர் சுமை மட்டுமே. பின்புறம் இரும்புச் சட்டம் அடிப்பதென்றால், சக்கர இடைவெளியில் 60 சதவீதத்துக்கு மேல் பின்னால் நீட்டக் கூடாது என்ற விதியும் உண்டு. வண்டி டி.என். 74 ஆக இருந்தால் நாகர்கோவிலிலும், டி.என். 75 ஆக இருந்தால் மார்த்தாண்டத்திலும் உள்ள போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்தில் தொழில் செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். விபத்து நேர்ந்தால், அனுமதியில்லாத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு.

இரைச்சலுக்கும் வரம்பு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றச் சுற்றுப்புறத்தில் பகலில் 50, இரவில் 40. மருத்துவ முகாம் வேன்கள் பெரும்பாலும் நிற்பது பள்ளிக்கூட முற்றத்தில்தான்.

பள்ளி முற்றத்தில் நிற்கிறோம் என்றால் இன்னொன்றையும் யோசிக்கலாம். பள்ளிக்கும் ஆலய மண்டபத்துக்கும் மின்வாரிய இணைப்பு இருக்கிறது. அனுமதி வாங்கி, 16 ஆம்பியர் பிளக்கும் 20 மீட்டர் கேபிளும் கொண்டுபோனால் ஜெனரேட்டரை இறக்க வேண்டிய தேவையே வராது. அந்த இணைப்பின் எர்த் வேனின் உடல்வரை வர வேண்டும். மின்வாரிய மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்றோடொன்று சேராதபடி கைமாற்று ஸ்விட்ச் வேண்டும். அந்த ஸ்விட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஜெனரேட்டருக்காகப் போட்ட நியூட்ரல் இணைப்பு மின்வாரிய மின்சாரத்தில் இருக்கக் கூடாது.

ஜெனரேட்டரையே நம்பியிருப்பவர்களுக்குப் பெட்ரோலும் உப்புக் காற்றும் இரண்டு எதிரிகள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். முகாம் இல்லாத மாதங்களில் டேங்கிலேயே விட்டுவைத்தால் கார்புரேட்டரில் பிசின் பிடித்து அடுத்த முகாமில் எஞ்சின் கிளம்பாது. பெட்ரோலை வடித்துவிட்டு, மீதி தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவதே சரி. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். மணவாளக்குறிச்சியிலோ சின்னமுட்டத்திலோ நாள் முழுக்க நின்று வந்த ஜெனரேட்டரின் வெளிப்புறத்தையும் ஏசியின் வெளி யூனிட்டையும் அன்று மாலையே நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் அலுமினியத் தகடுகள் ஓரிரு ஆண்டில் வெள்ளை மாவாக உதிரத் தொடங்கும்.

பேட்டரிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். முழு வெப்பத் தடுப்புள்ள வேனில் ஏசிக்கு 450 வாட்டும் கருவிகளுக்கு 200 வாட்டும் சேர்ந்து 650 வாட். 5 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இந்தச் சுமையை ஆறு ஏழு மணி நேரம் தாங்கும். எடை 50 கிலோவை ஒட்டி. பின் அச்சுக்கு முன்னால் தரையோடு பொருத்தலாம். புகை இல்லை, இரைச்சல் இல்லை. இரவில் வீட்டு இணைப்பில் ஐந்தாறு யூனிட்டில் நிறைந்துவிடும். தடுப்பில்லாத வேனில் இதே பேட்டரி நான்கு மணி நேரம்கூட வராது. விலை ஜெனரேட்டரைப் போலப் பல மடங்கு என்பதால் எல்லாராலும் இன்றே வாங்க முடியாது. முதலில் ஃபோம் ஒட்டி வெள்ளை பூசுங்கள். அரை டன் இன்வெர்ட்டர் ஏசியும் கையில் தூக்கும் ஜெனரேட்டரும் வைத்துத் தொழிலைத் தொடங்குங்கள். தொழில் நிலைத்த பிறகு பேட்டரிக்கு மாறலாம். இந்த மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மாலையில் வேன் வீடு திரும்பிவிடும், பேட்டரிக்கு இரவு முழுக்கச் சார்ஜ் ஏறும். பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைக் குடியிருப்புகளில் இரவு தங்கி முகாம் நடத்துபவர்களுக்கு மட்டும் ஜெனரேட்டர் உடன் இருந்தாக வேண்டும். அவர்கள் வேனுக்குள் தூங்குவதாக இருந்தால், தூங்கும் முன் அதை நிறுத்திவிட வேண்டும். மலையில் இரவுக்கு ஏசி தேவைப்படாது.